ஆற்றுக்குப் போட்ட போல்ட்டு

இனி நான் எழுதப்போவதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. தோட்டத்து மாரியம்மன்மேல் ஆணை. அது போதாது என்பவர்களுக்கு என் இடது கண்மேல் ஆணை. வலது கண்ணில் புரை எடுத்து லென்சு வைத்திருக்கிறார்கள்; அது ஆஸ்பத்திரிச் சாமான், அதன்மேல் சத்தியம் செய்ய எனக்கு உரிமை இல்லை. அவ்வளவு கண்டிப்பான ஆள் நான். பெயர் காளியண்ணன். முப்பத்தெட்டு வருஷம் செம்பனைக் குலை லோரி ஓட்டினேன். ஒரு குலையை இரண்டு என்று சொன்னதில்லை.

முருகையா என் சேக்காளி. சிலாங்கூர் ஆற்றின் இந்தக் கரையில், எங்கள் தோட்டத்து எண்ணெய் மில்லில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். அவன் இறுக்கிய நட்டை அவனைத் தவிர வேறு யாரும் கழற்றியதில்லை. மில்லில் அதற்குப் பெயர் கைராசி. வீட்டில் அதற்கு வேறு பெயர் இருந்தது. அதை அவன் மனைவி புஷ்பவள்ளி சொல்லும்போது நான் காதைப் பொத்திக்கொள்வேன்.

அவன் குழாயை மூடினால் அவளால் திறக்க முடியாது. ஊறுகாய் போத்தலை மூடினால் அடுத்த லயத்து வீடுகளுக்கு எடுத்துப்போக வேண்டும். அங்கே இரண்டு பேர் போத்தலைப் பிடிக்க, மூன்றாவது ஆள் மூடியைத் திருகுவான். முப்பத்தொரு வருஷம் இப்படிப் போனது.

"ஏங்க, கையக் கொஞ்சம் லேசா வைங்களேன்" என்பாள்.

"லூசா வெச்சா கழண்டுரும்" என்பான். அதோடு பேச்சு முடிந்துவிடும்.

போன தீபாவளிக்கு முந்தின நாள் அவள் மூன்று கிலோ மாவு பிசைந்து வைத்திருந்தாள். முறுக்கு அச்சின் திருகு கொஞ்சம் ஆடுகிறது என்று வாய் தவறிச் சொல்லிவிட்டாள். முருகையா அதை வாங்கி மரையைத் துடைத்து, எண்ணெய் விட்டு, இறுக்கிக் கொடுத்தான். அதன்பிறகு அது மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. உள்ளே போட்ட மாவு உள்ளேயே நின்றுவிட்டது. அவள் திருகினாள், பக்கத்து வீட்டார் திருகினார்கள், கடைசியில் முருகையாவே உட்கார்ந்து திருகினான். வியர்வை துடைத்துக்கொண்டு, ரொம்பப் பெருமையாக, "இனி ஆயுசுக்கும் அசையாது புஷ்பா" என்றான்.

அந்த வருஷம் அவர்கள் வீட்டில் முறுக்கு இல்லை. தீபாவளி கழிந்த மறுநாள் காலை முதல் பஸ்ஸில் புஷ்பவள்ளி ஆற்றைக் கடந்து அக்கரைக்கு, அசாம் ஜாவா பக்கத்துத் தோட்டத்தில் இருக்கும் தங்கை இராஜம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

மூன்றாம் நாள் முருகையாவை என் கப்சாய் மோட்டார்சைக்கிளில் உட்காரவைத்து அழைத்துப்போனேன். அந்தத் தோட்டத்துக் கோயிலில் பேச்சுவார்த்தை நடந்தது. பேச்சு என்று இரண்டு நிமிஷம்தான். பிறகு புஷ்பவள்ளி தட்டில் சூடம் கொளுத்தினாள்.

"ஆத்தா கேட்டுக்கோ. பாலம் ஏறியோ படகு ஏறியோ இந்த ஆத்தை இனி நான் தாண்டமாட்டேன்" என்று சொல்லி, உள்ளங்கையால் அடித்து அணைத்தாள்.

சூடம் அணைத்துச் செய்த சத்தியத்தை எங்கள் பக்கத்தில் யாரும் மீறியது கிடையாது. முருகையாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "உனக்கு மட்டும்தான் சூடமா?" என்று அந்தத் தட்டிலேயே இன்னொரு துண்டை எடுத்து வைத்தான். நான் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"டேய், இங்க அணைச்சா நீயும் இந்தக் கரையிலதான்டா கெடக்கணும். வீட்டுக்கு எப்படிப் போவே?"

யோசித்தான். ஃபிட்டரின் வீம்பு அளவெடுத்து வருகிற வீம்பு. சூடத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பாலம் ஏறி வீட்டுக்கு வந்து, எங்கள் கோயிலில் கொளுத்தி, அதே சத்தியத்தைச் சொல்லி அணைத்தான்.

ஆக, அவள் அந்தக் கரை, இவன் இந்தக் கரை. எந்தச் சத்தியமும் செய்யாத ஒரே ஆள் நான். காலையில் முருகையா ஆற்றும் பாலில்லாத தே ஓ, மதியம் புஷ்பவள்ளி வைக்கும் திருக்கை மீன் குழம்பு என்று என் நாள் ஓடியது. இந்த ஏற்பாட்டில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை என்பதையும் உண்மையை முன்னிட்டுச் சொல்லிவிடுகிறேன்.

ஆனால் மாசி பிறந்ததும் இராஜம்மா ஒரு சேதி சொன்னாள். அவர்கள் தோட்டம் கைமாறுகிறது. மாதக் கடைசியில் லயத்தைக் காலி செய்ய வேண்டும். இராஜம்மாவின் மகன் விமலன் புஞ்சாக் ஆலாமில் அடுக்குமாடி வீடு பார்த்துவிட்டான், பன்னிரண்டாவது மாடி. "அக்காவும் எங்ககூட வருது. அதுக்கு ஒரு ரூம் இருக்கு" என்றாள்.

இதை முருகையாவிடம் போய்ச் சொன்னேன். கையில் இருந்த ஸ்பானரைக் கீழே வைத்தான். அவன் ஸ்பானரைக் கீழே வைத்து நான் பார்த்தது அன்றுதான்.

"ஆத்தங்கரையில இருந்தா, எதிர்க்கரையில அவ இருக்கான்னு ஒரு நெனப்பு இருக்கும் காளி. பன்னெண்டாவது மாடிக்குப் போயிட்டா?" என்று கேட்டான்.

மறுநாள் அசாம் ஜாவாவில் மீரா சாகிபு கடையில் இந்தக் கதையைச் சொன்னேன். ரொட்டி தட்டிக்கொண்டே கேட்டார்.

"பாலம் ஏற மாட்டாரு, படகு ஏற மாட்டாரு. அப்ப நீந்திப் போகச் சொல்லும் அண்ணே."

"மொதலை இருக்கு பாய்."

"ஆறு பொறக்கிற மலையைச் சுத்தி நடந்து வரட்டும்."

"முழங்கால் விடாது."

"அப்ப ஒண்ணே ஒண்ணுதான் லா. ஆத்துக் கரையைக் கிட்ட இழுத்துக்கச் சொல்லும்" என்று ரொட்டியைத் திருப்பிப் போட்டார்.

சிரிப்பதற்காகத்தான் அதை முருகையாவிடம் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. வேலை உத்தரவு வந்ததுபோல் எழுந்து நின்றான்.

"அந்த நட்டு" என்றான்.

எங்கள் தோட்டத்துப் பழைய ரப்பர் புகைக்கூண்டுக்குப் பின்னால், ஆற்றோரச் சகதியில், மாட்டுவண்டிச் சக்கரம் அகலத்துக்கு ஓர் இரும்புத் தட்டு உண்டு. அதன் நடுவே கல்யாணச் சோறு வடிக்கிற கிடாரம் அளவுக்கு ஆறு முக நட்டு. அதன்மேல் உட்கார்ந்துதான் நாங்கள் எல்லாரும் இறால் பிடிப்போம். வெள்ளைக்காரத் துரை காலத்துச் சாமான். ஆறு கரையை அரிக்க அரிக்க, தோட்டம் இளைத்துக்கொண்டே போகிறது என்று துரைக்குக் கவலை. இரண்டு கரையையும் சேர்த்து ஒரு போல்ட்டு போட்டுவிட்டால் எங்கே போகும் என்று சீமைக்கு எழுதிப் போட்டிருக்கிறார். எட்டுத் துண்டாகக் கப்பலில் வந்தது. ஆற்றுக்கு அடியில் படுக்கவைத்து ஒன்றோடொன்று பூட்டினார்கள். எண்பது கெஜம். இறுக்குவதற்குள் ரப்பர் விலை விழுந்து துரை ஊருக்குப் போய்விட்டார். தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதிய எங்கள் பழைய கிராணி சொன்னது இது. கிராணிமார் எழுத்தில் பொய் சொல்லலாம், வாயால் சொல்லமாட்டார்கள்.

தண்டவாளத் துண்டுகளை வெல்டிங் வைத்து முருகையா ஒரு ஸ்பானர் செய்தான். பதினோரு கெஜ நீளம். நட்டுக்கும் போல்ட்டு முனைக்கும் சேர்த்துக் குறுக்கே மஞ்சள் பெயிண்டில் ஒரு கோடு இழுத்தான். நட்டு நகர்ந்தால் கோடு உடையும். அது மில்லில் அவர்கள் வழக்கம். கிரீஸ் தடவி, அவன் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் தள்ளினோம். சுற்றியது! ஐந்து நாள் சுற்றினோம். கோடு உடையவே இல்லை. ஆறும் அங்குலம் நகரவில்லை.

ஐந்தாம் நாள் அவன் ஸ்பானர்மேல் உட்கார்ந்து நெற்றியைத் தேய்த்தான்.

"போல்ட்டும் சேந்து சுத்துது காளி. அந்தப் பக்கத்து நட்டைப் பிடிக்க ஆள் இல்ல. எத்தன பலம் இருந்தாலும் ஒரு பக்கத்துலேர்ந்து மட்டும் இறுக்க முடியாது."

அன்று மதியம் நான் அக்கரையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது வெளியே இராஜம்மாவின் கூச்சல் கேட்டது. ஆற்றோரத்தில் நீட்டிக்கொண்டிருந்த ஓர் இரும்பில்தான் அவள் துணிக்கொடியின் ஒரு முனையைக் கட்டியிருந்தாள். ஐந்து நாளாகக் கொடி கொஞ்சம் கொஞ்சமாகச் சுருண்டு, சட்டை, கைலி, பாவாடை எல்லாம் பம்பரத்தில் கயிறு சுற்றியதுபோல் அந்த இரும்பைச் சுற்றிக்கொண்டு கிடந்தன.

"அக்கா, பேயி! இரும்பு தானா சுத்துது!"

புஷ்பவள்ளி ஈரக்கையோடு வந்து பார்த்தாள். குனிந்து அந்த இரும்பின் முனையில் இருந்த நட்டைத் தொட்டாள்.

"பேயி இல்லடி. அந்த ஆளு. இந்த ஒலகத்துல இப்படிப் போட்டு முறுக்குறது வேற யாரு?" என்றவள் என் பக்கம் திரும்பினாள். "அண்ணே, எதுக்காம் இது?"

மென்று விழுங்கிச் சொன்னேன். கரையைக் கிட்ட இழுக்கிறான், ஓர் எட்டு வைத்துத் தாண்டும் அளவுக்கு வந்துவிட்டால் பாலமும் இல்லை, படகும் இல்லை, சூடத்துக்கும் பங்கம் இல்லை என்றேன்.

"மரை கழண்டு போச்சா அந்த மனுஷனுக்கு?"

"அதுதான் கழல மாட்டேங்குது. ஆனா, பிடிக்க ஆள் இல்லாம தன்னால முடியலன்னு சொல்றான்."

அவள் நின்றாள். "என்ன சொன்னாரு?"

"முடியலன்னு."

"அவரு வாயால?"

"என் காதால."

"முப்பத்தொரு வருஷத்துல அந்த வார்த்தைய எங்கிட்ட சொன்னதில்லண்ணே" என்றாள். பிறகு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, "ஸ்பானர் கொண்டாங்க" என்றாள்.

முருகையா இன்னொன்று செய்தான். அதையும் பதினோரு கெஜத்துக்கே செய்தான். கப்சாயில் கட்டிப் பாலத்தில் கொண்டுபோனபோது ஓர் இளம் போலீஸ்காரர் நிறுத்தினார்.

"அங்கிள், இது என்னா?"

"ஸ்பானர்."

"எதுக்கு அங்கிள் இவ்ளோ பெருசு?"

"ஆத்துக்கு."

அவர் ஒதுங்கி வழிவிட்டார். உண்மை சொன்னால் யாரும் தடுப்பதில்லை.

மறுநாள் காலை ஏழு மணி. ஆற்றின்மேல் பனி, அரிசி கழுவிய தண்ணீர் நிறத்தில் படுத்திருந்தது. எதிர்க்கரை தெரியவில்லை. முருகையா இரும்பை மூன்று தட்டு தட்டினான். எண்பது கெஜம் ஆற்றுக்கு அடியில் போய், எண்பது கெஜம் திரும்பி, ஒரு தட்டு வந்தது. அவன் தோளைக் கொடுத்தான். நானும் கொடுத்தேன். 'கிர்ர்' என்று, ஆழ்ந்த உறக்கத்தில் யாரோ பல் கடித்ததுபோல் ஒரு சத்தம். மஞ்சள் கோடு உடைந்தது.

"அவ கை தெரியுது காளி, இரும்புல" என்றான். அவன் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்று தோன்றியது.

காலைக்குக் கால் சுற்று; மற்ற நேரம் நழுவாமல் இரண்டு கரையிலும் ஆள் மாற்றி ஆள் ஸ்பானரைப் பிடித்திருந்தோம். ஒரு கால் சுற்றுக்கு நான்கு கெஜம். ஆறு நான்கு கெஜம் ஒல்லியாகும், போல்ட்டு நான்கு கெஜம் எங்கள் பக்கம் வெளியே நீளும். முதல் வாரம் புகைக்கூண்டைத் தாண்டியது, இரண்டாம் வாரம் செம்பனை வரிசைக்குள் நுழைந்தது. மரை பளபளவென்று கிரீசோடு மரங்களுக்கு நடுவே கிடந்தது. வங்காளதேசத்துத் தொழிலாளிகள் அதில் லுங்கி காயப்போட்டார்கள். மறுநாள் வந்து பார்த்தால் லுங்கி நான்கு கெஜம் தள்ளிக் காய்ந்துகொண்டிருக்கும்.

ஆறு அகலத்தை இழந்ததால் உயரத்தில் வளர்ந்தது. கரைக்குமேல் கண்ணாடிச் சுவர்போல் எழுந்து நின்று, வழியாமல், அவசரமில்லாமல் போனது. பக்கவாட்டில் நின்றால் உள்ளே இறால்கள் படிக்கட்டு ஏறுவதுபோல் ஏறி இறங்குவது தெரியும். ஒரு முதலைக்குத் திரும்ப இடம் போதவில்லை. கடலை நோக்கிப் படுத்தது கடலை நோக்கியே கிடந்தது. ஒரு கொக்கு இரண்டு கரையிலும் ஒவ்வொரு காலை வைத்துக்கொண்டு, எந்தக் காலைத் தூக்குவது என்று தெரியாமல் மூன்று நாள் நின்றது.

கம்போங் குவாந்தானில் மின்மினி பார்க்க ஆள் ஏற்றிவரும் படகுக்காரர்கள் முதலில் சிணுங்கினார்கள், துடுப்பு இரண்டு பக்கமும் இடிக்கிறது என்று. பிறகு அவர்களும் பேசாமல் பார்த்தார்கள். இக்கரை மரத்து மின்மினிகள் ஒரு தாளத்தில் மினுக்கும், அக்கரை மரத்து மின்மினிகள் வேறு தாளத்தில். கரைகள் நெருங்க நெருங்க இவை கொஞ்சம் தாமதித்தன, அவை கொஞ்சம் முந்தின. பதினைந்தாம் நாள் அந்தி ஏழரைக்கு, கிளைகள் உரச, இரண்டு கரையும் சேர்ந்து ஒரே மூச்சாக எரிந்து அணைந்தன. அந்த வெளிச்சத்தில் புஷ்பவள்ளி முக்காலி போட்டு, பிளாஸ்க் பக்கத்தில் வைத்து, ஸ்பானர் பிடியில் கையூன்றி உட்கார்ந்திருந்தது தெரிந்தது. நான்கு மாதத்துக்குப் பிறகு ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். எரியும்போது தெரிந்தார்கள், அணையும்போது மறைந்தார்கள்.

இருபதாம் காலை வந்தது. மாதக் கடைசி. அக்கரையில் விமலனின் லோரி கட்டில், பீரோவோடு தயாராக நின்றது. இராஜம்மா முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

அன்றைய கால் சுற்று முடியும் தறுவாயில் நடுவே ஒரு முழ அகலத்துக்கு ஆறு, பனைமர உயரத்தில் ஒரு திரைச்சீலைபோல் அசைந்துகொண்டிருந்தது. தண்ணீருக்கு அந்தப் பக்கம் அவள் முகம் நெளிந்து தெரிந்தது.

"போதும்" என்றாள்.

"இன்னும் கொஞ்சம் இருக்கு புஷ்பா. ஒட்டவே ஒட்டிருவேன்" என்று முருகையா தோளைக் கொடுத்தான். தட்டுக்கடியில் இரும்பு முனகியது. எந்த ஃபிட்டருக்கும் தெரியும், அறுந்துபோவதற்குமுன் போல்ட்டு அப்படித்தான் முனகும். அறுந்தால் இரண்டு கரையும் தெறித்துப் போகும்; அதன்பின் இருபது வருஷம் சுற்றினாலும் வராது.

"போதும்ங்கறேன்ல. ஆறு எங்க போவும்? அந்த மீனு எங்க போவும்?"

"கால் சுத்துல ஒரு துளிதான்."

"நான் கையெடுத்தா என்னா ஆவும்னு தெரியும்தானே ஒங்களுக்கு?"

தெரியும். எண்பது கெஜமும் உருவிக்கொண்டு போய்விடும். முருகையாவின் தோள் இரும்பில் அழுந்தியபடியே நின்றது. அவன் கை அவன் பேச்சைக் கேட்டு வளர்ந்த கை அல்ல. நாற்பது வருஷம் இறுக்கி மட்டுமே பழகியது, முழு இறுக்கம் வரும்வரை ஓயாதது. லோரியை விமலன் ஸ்டார்ட் செய்யும் சத்தம் கேட்டது.

முருகையா தோளை எடுத்தான். பிறகு, நான் என் கண்ணால் பார்த்தேன், ஸ்பானரை ஒரு மயிரிழை பின்னுக்குத் தள்ளினான். இரும்பு முனகுவதை நிறுத்தியது.

"சரியா?" என்றான்.

"இப்ப சரி."

இரண்டு பேரும் ஸ்பானரை விட்டுவிட்டு ஒரே நேரத்தில் எட்டு வைத்தார்கள். அந்தத் தண்ணீர்த் திரைக்குள் புகுந்து, ஒருவரை ஒருவர் தோள் உரசிக் கடந்து, நனைந்துபோய் வெளியே வந்தார்கள். இப்போது அவன் அந்தக் கரையில், அவள் இந்தக் கரையில்.

"ஐயோ, ஏங்க இங்கயே நிக்கல நீங்க?" என்று அவள் கத்தினாள்.

"நீ இங்கயே நிப்பேன்னு நெனச்சேன்!"

பிடிக்க ஆளில்லாத நட்டு இரண்டு பக்கமும் மெல்லச் சுழல ஆரம்பித்திருந்தது. செம்பனைத் தோட்டத்துக்குள் போல்ட்டு லுங்கிகளோடு பின்வாங்கியது. ஒரு முழம் ஒன்றரை முழமானது.

"அசையாம நில்லுங்க! ஒரு அடி எடுத்து வெச்சீங்க, கொன்னுருவேன்!" என்று சொல்லி, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, புஷ்பவள்ளி திரும்ப ஓர் எட்டு வைத்தாள். திரைக்குள்ளிருந்து ஒரு கை நீண்டது. முருகையா பிடித்தான். வலிக்காமல் பிடித்தான் என்று அவளே பிறகு சொன்னாள்.

மாலைக்குள் ஆறு சாவகாசமாக எண்பது கெஜமும் விரிந்து படுத்துக்கொண்டது. விமலனின் லோரியில் பெட்டிகளுக்கு நடுவே இருவரும் ஈரத்தோடு ஏறி உட்கார்ந்தார்கள். புஞ்சாக் ஆலாமில் அந்த அறை இரண்டு பேருக்குத் தாராளமாகப் போதும் என்று இராஜம்மா முன் சீட்டிலிருந்து சொன்னாள். நான் இந்தக் கரையில் நின்று கை காட்டினேன்.

இடது கண்மேல் ஆணை இட்டதால், இதில் எழுதாமல் விட்ட ஒரே விவரத்தையும் சொல்லிவிடுகிறேன்: முருகையாவுக்கு இன்றைய தேதிவரை கல்யாணம் ஆகவில்லை.